ஓப்பனரின் உடம்பு

கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 22 கஜம் என்று தெருவில் ஆடும் பையனுக்கும் தெரியும். பேட்டிங் செய்கிறவனுக்கு அந்த 22 கஜம் முழுசாகக் கிடைப்பதில்லை. வீசுகிறவனின் முன்கால் அவன் பக்கத்து கிரீஸில் விழுகிறது. நான் என் கிரீஸில் நிற்கிறேன். இரண்டுக்கும் நடுவே 58 அடி, அதாவது 17.68 மீட்டர். ஆள் உயரமாக இருந்து, கையை நன்றாக முன்னால் கொண்டுவந்து விடுகிறவனாகவும் இருந்தால் அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர் போகும். ஆக, என்னிடம் இருப்பது அரை நொடிக்கும் குறைவு. கண் பார்த்ததை மூளை வாங்கிக்கொள்வதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் கால், இடுப்பு, கை, மட்டை எல்லாம் நகர்ந்தாக வேண்டும். வருவது 156 கிராமிலிருந்து 163 கிராம் வரை எடையுள்ள, தோல் போர்த்திய கட்டிப் பந்து.

நான் சென்னை லீக்கில் ஓப்பனராக ஆடியவன். 1970களின் கடைசியில் தொடங்கி, முழங்கால் போதும் என்று சொல்லும் வரை ஆடினேன். இப்போது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் எதிர்கொண்டவர்களில் பெரும்பாலானவர்கள் 140ஐத் தொட்டிருக்க மாட்டார்கள். அளந்து பார்க்க அன்றைக்குக் கருவியும் கிடையாது. ஆனால் வேகம் மட்டுமே ஆபத்து என்று நினைப்பவர்கள் மேட்டிங்கில் ஆடியிருக்க மாட்டார்கள்.

கெட்டியான தரையின் மேல் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து இழுத்துக் கட்டினால் அதுதான் மேட்டிங் விக்கெட். விறைப்பாகக் கட்டிய மேட்டில் பந்து ஏறும். சாதாரண மீடியம் பேஸ் வீசும் குமாஸ்தாகூட அதில் மார்பு உயரத்துக்கு எழுப்புவார். அது பரவாயில்லை, எல்லாப் பந்தும் ஏறினால் பழகிக்கொள்ளலாம். ஆணி தளர்ந்து, பாய் ஓரிடத்தில் சுருங்கிவிட்டால்தான் கஷ்டம். அங்கே விழுந்த ஒரு பந்து கணுக்காலுக்குப் போகும், அடுத்தது தாடைக்கு வரும். எங்கள் அணியில் எனக்கு முன்பிருந்த சீனியர் ஓப்பனர் டாஸ் போடுவதற்கு முன்பே மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஷூவால் மிதித்துக்கொண்டே நடப்பார். "தம்பி, பௌலரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஆணியைப் பாரு" என்பார். பவுன்சரைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

அன்றைய கவசங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளப்புக்கு ஒரு கிட் பை. அதற்குள் நாலைந்து பேடு, பஞ்சு வெளியே தெரியும் கிளவுஸ், எல்லோருக்கும் பொதுவாக ஒரு அடிவயிற்றுக் கார்டு. அவுட் ஆகி வருகிறவர் கழற்றித் தர, உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்வார். இதை இப்போது என்னிடம் பயிலும் பையன்களிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். தொடைக்குப் பேடு கிடையாது. சின்ன டவலை நாலாக மடித்து பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொள்வோம். மார்புக்கும் முழங்கைக்கும் எதுவும் இல்லை. தலைக்கு அம்மா காலையில் வைத்த எண்ணெய்.

அடி எங்கெங்கே படும் என்பது ஓப்பனருக்கு மனப்பாடம். அதிகம் படுவது கீழ்க்கையின் ஆள்காட்டி விரல். மட்டையின் கைப்பிடிக்கும் பந்துக்கும் நடுவே அகப்பட்டால் அதற்கு ஒதுங்க இடமில்லை, நசுங்கத்தான் வேண்டும். என் வலதுகை ஆள்காட்டி விரல் இன்றைக்கும் நேராக நிற்காது. விரல் உடைந்ததா வீங்கியதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்ததில்லை. எதிரே ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, கைக்குட்டையில் கட்டி வைத்துக்கொண்டு அடுத்த ஓவரில் இறங்கிவிடுவோம். தொடையில் பட்டால் நீலம் பாரித்துப் போகும். புதுப் பந்தாக இருந்தால் தையல்கூட எண்ணலாம் போல அச்சாகப் பதிந்திருக்கும். வலி அதிகம், ஆபத்து குறைவு. விலாவில் பட்டால் கதையே வேறு. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரவு புரண்டு படுக்கும்போது தெரியும். இருமினால் தெரியும். யாராவது ஜோக் சொன்னால் உயிர் போகும். யார்க்கர் கால்விரலில் விழுந்தால் நகம் கறுத்து, சில வாரத்தில் கழன்று விழும்.

இவற்றில் எதையும் தடவிக்கொள்ளக் கூடாது என்பது அன்றைய எழுதாத சட்டம். தடவினால் பௌலருக்குத் தெரிந்துவிடும், ஸ்லிப்பில் நிற்கிறவன் சிரிப்பான். கண்ணில் தண்ணீர் முட்டினாலும் மேட்டைத் தட்டுகிற மாதிரி குனிந்து நின்றுகொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தை நானும் பெருமையாகத்தான் கடைப்பிடித்தேன். விரலுக்கும் தொடைக்கும் அது சரி. அதே சட்டத்தைத் தலைக்கும் பொருத்தியதுதான் விபரீதம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையான வேகத்தை நான் முதலில் பார்த்தது சேப்பாக்கத்தில், 1975 பொங்கல் டெஸ்டில், பள்ளி மாணவனாக. மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 7 விக்கெட், இரண்டாவதில் 57க்கு 5. இந்தியா முதலில் எடுத்தது 190. அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. அந்த 97ஐப் பற்றி மெட்ராஸில் இன்னும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். கடைசியில் இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. எனக்கு ஞாபகத்தில் நின்றது வேறொன்று. ராபர்ட்ஸ் ஓடிவரும்போது கேலரியே மௌனமாகிவிடும். பந்து விழும் சத்தமும் கீப்பரின் கையில் அடிக்கும் சத்தமும் ஒட்டிக்கொண்டு கேட்கும். அவரிடம் இரண்டு வகை பவுன்சர் இருந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முதலில் கொஞ்சம் மெதுவாக ஒன்று போடுவார். ஹூக் செய்யலாம் போலிருக்கும், செய்தால் நாலும் போகும். பிறகு அதே ஓட்டம், அதே கை, ஆனால் வேகம் கூடுதலாக ஒன்று. முந்தையதை நினைத்துக்கொண்டு மட்டையைச் சுழற்றியவன் முகத்தில் வாங்குவான்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் கிங்ஸ்டன் சபைனா பார்க்கில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்தோம். சேப்பாக்கத்தில் ஆடிய அதே அன்ஷுமான் கெய்க்வாட் அங்கே மணிக்கணக்கில் நின்று 81 எடுத்து, மைக்கேல் ஹோல்டிங்கின் பந்தில் காதில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். விஸ்வநாத்துக்கு விரல் உடைந்தது. பிரிஜேஷ் படேலுக்கு வாயில் தையல். பிஷன் பேடி 6 விக்கெட்டுக்கு 306 என்று டிக்ளேர் செய்தார். இரண்டாவது இன்னிங்ஸ் 97 ரன்னில் முடிந்தது. ஸ்கோர் அட்டையில் ஐந்து பேருக்கு எதிரே 'காயம், ஆடவில்லை' என்று இருந்தது. அப்போது ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

அதற்கும் முன்னால் நாரி கான்ட்ராக்டர். 1962 மார்ச்சில் பார்படாஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவர் மண்டையோட்டை உடைத்தது. இந்திய அணியின் கேப்டன் அவர். மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைத்தார், ஆனால் அதன்பின் டெஸ்ட் ஆடவேயில்லை. 21 வயது பட்டோடி கேப்டன் ஆனது இப்படித்தான். கான்ட்ராக்டர் தலையில் வைத்த உலோகத் தகட்டை 2022ல், அவரது 88ஆம் வயதில்தான் எடுத்தார்கள். அடிபட்ட அந்தக் கணத்தைப் பற்றி அவரே சொன்ன விவரம் ஒன்று உண்டு. மைதானத்தில் சைட் ஸ்கிரீன் இல்லை. பந்து வரும் நேரத்தில் பின்னால் பெவிலியனில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள், கவனம் அங்கே போனது. அவ்வளவுதான். கிரிஃபித்தின் கை பந்தை வீசியதா எறிந்ததா என்று எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஜன்னல்தான் முக்கியம்.

ஏனென்றால் அரை நொடியில் பந்தைப் 'பார்த்து' யாரும் ஆடுவதில்லை. பந்து கிளம்புவதற்கு முன்பே மணிக்கட்டையும் தோளையும் பார்த்துப் பாதி முடிவுக்கு வந்திருப்போம். கை விடுகிற இடம் தெரியாவிட்டால் ஓப்பனர் குருடன். லீக்கில் பல மைதானங்களில் சைட் ஸ்கிரீன் என்ற பேச்சே இல்லை. பௌலரின் கைக்குப் பின்னால் வேப்பமரம் இருக்கும், மஞ்சள் சுவர் இருக்கும், சாலையில் பஸ் போகும். நிறுத்துங்கள் என்று கை காட்டினால் அம்பயருக்கே சலிப்பு. "நீ என்ன கவாஸ்கரா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். பஸ் போகும் வரை நான் கார்டு எடுத்ததில்லை.

பவுன்சருக்கு மூன்று பதில்கள். அடிப்பது, குனிவது, தலையை மட்டும் சாய்த்து விடுவது. மூன்றாவதுதான் கடினம், அதுதான் சிறந்தது. குனிகிறவன் பெரும்பாலும் கண்ணை எடுத்துவிடுகிறான். பந்து எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்றால் குனிந்த தலை பந்தைத் தேடிப் போன மாதிரி ஆகிவிடும். சாய்ந்து விடுகிறவன் கடைசி வரை பந்தைப் பார்க்கிறான், அது மூக்கருகே போவதைக்கூடப் பார்க்கிறான். கைகளைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிளவுஸில் பட்டு கேட்ச். எழுத இரண்டு வரிதான். உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க சில வருஷம் ஆகும். தலையை நோக்கி ஏதாவது வந்தால் கண்ணை மூடு, முகத்தைத் திருப்பு என்றுதான் உடம்பு பிறவியிலிருந்து பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் ஓப்பனரின் தொழில் என்பேன்.

இன்றைக்கு என்னிடம் வரும் பையன்களில் பலர் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்கள். கை வேகம் அபாரம். ஆனால் டென்னிஸ் பந்து தலையில் பட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள், அதனால் பந்தை விடுவது என்ற எண்ணமே அவர்கள் உடம்பில் இல்லை. தலைக்கு மேல் வருவதையும் முன்காலில் நின்று அடிக்கப் போகிறார்கள். பௌலிங் மெஷினிலும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. அது எவ்வளவு வேகம் கேட்டாலும் தரும். ஆனால் அதற்குத் தோள் இல்லை, மணிக்கட்டு இல்லை. துவாரத்தைப் பார்த்துப் பழகியவன் ஆளைப் பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை. 1987ல் டென்னிஸ் லில்லி வந்து சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபின் நாடு முழுவதிலுமிருந்து நல்ல வேகக்காரர்கள் இந்த ஊர் வலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு எதிரே நிற்க வாய்ப்புக் கிடைத்த உள்ளூர்ப் பையன்கள் பாக்கியசாலிகள். எந்த மெஷினும் அதைத் தராது.

ஹெல்மெட் வந்த கதை வேடிக்கையானது. 1977-78ல் கெர்ரி பாக்கரின் தொடரில் டென்னிஸ் ஏமிஸ் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தபோது சிரித்தார்கள். 1978ல் பிரிட்ஜ்டவுன் டெஸ்டில் கிரஹாம் யாலப் போட்டபோது கூட்டம் கூவியது. கவாஸ்கர் தொப்பிக்கு அடியில் சின்ன மண்டைக்கவசம் வைத்துக்கொண்டார். விவியன் ரிச்சர்ட்ஸ் கடைசிவரை எதையும் போடவில்லை. ஆனால் ரிச்சர்ட்ஸ் போடவில்லை என்பது மற்றவர்களுக்கு ஒரு காரணமே அல்ல. எங்கள் கைக்கு ஹெல்மெட் வந்தபோது அது பானை மாதிரி கனத்தது. மே மாத வெயிலில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கும். பந்து வரும் நேரத்தில் கண் எரியும். சிலர் அதைக் காரணம் காட்டிக் கழற்றி எறிந்தார்கள்.

ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது முழுக்கவசம் இல்லை. 2014ல் மான்செஸ்டரில் வருண் ஆரோன், அவரும் எம்ஆர்எஃப்பில் பயின்றவர், வீசிய பந்து ஸ்டூவர்ட் பிராடின் ஹெல்மெட் முனைக்கும் கம்பிக்கும் நடுவே நுழைந்து மூக்கை உடைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் இன்னொரு இங்கிலாந்து வீரர் கிரெய்க் கீஸ்வெட்டருக்கு அதே மாதிரி கண்ணில் பட்டது. அடுத்த வருஷம் அவர் கிரிக்கெட்டை விட்டார். 2013ல் மாற்றிய பிரிட்டிஷ் தர விதி, பந்து அந்த இடைவெளியில் நுழைகிறதா என்பதையும் சோதிக்கச் சொல்கிறது. கம்பியை மேலே தூக்கி வளைத்து 'நல்லாத் தெரியுது சார்' என்று சொல்லும் பையன் அந்தச் சோதனையையே ரத்து செய்துவிடுகிறான்.

அதே 2014 நவம்பர் 25, சிட்னி. பிலிப் ஹியூஸ் 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தார். ஷான் அபோட்டின் பவுன்சரை ஹூக் செய்யப் போய், மட்டை முந்திவிட்டது. உடல் திரும்பிவிட, ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தின் இடது பக்கத்தில் பந்து பட்டது. மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி கிழிந்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தது. இரண்டு நாளில் இறந்தார். 26ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. அப்படிப்பட்ட காயம் மிக அபூர்வம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அபூர்வம்தான். ஆனால் ஹியூஸ் அனுபவமில்லாதவர் இல்லை, டெஸ்ட் சதங்கள் அடித்தவர். பந்தை எதிர்கொள்ளத் தெரியாதவனுக்கு மட்டும்தான் ஆபத்து என்று அதுவரை நாங்கள் நம்பிவந்த சமாதானம் அன்றோடு போயிற்று. பின்கழுத்துக் கவசம் அதன்பிறகுதான் வந்தது. ஆஸ்திரேலியா 2023ல் அதைத் தன் உள்நாட்டு ஆட்டங்களில் கட்டாயமாக்கியது. நம்மூரில் இன்னமும் அதை 'உறுத்துது' என்று கழற்றி வைக்கிறார்கள்.

பந்தை எதிர்கொள்ளத் தெரியாதவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தாம், பதினோராம் ஆட்டக்காரர்களுக்கு பவுன்சர் போடுவதில்லை என்று வேகக்காரர்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. அது எப்போதோ கலைந்துவிட்டது. 1975ல் ஆக்லாந்தில் நியூசிலாந்தின் கடைசி ஆட்டக்காரர் இவன் சாட்ஃபீல்டுக்கு பீட்டர் லீவரின் பந்து நெற்றியோரத்தில் பட்டு, இதயத் துடிப்பே நின்றது. இங்கிலாந்தின் பிசியோ பெர்னார்ட் தாமஸ் ஓடிவந்து மூச்சு ஊதி, மார்பை அழுத்திப் பிழைக்கவைத்தார். மருத்துவம் தெரிந்த ஒரு ஆள் மைதானத்தில் இருந்தார் என்பதுதான் அங்கே விதியை மாற்றியது. நம் லீக் ஆட்டங்களிலும் பள்ளி ஆட்டங்களிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்கோரர் இருப்பார், டீ கொண்டுவருகிற பையன் இருப்பான்.

இப்போது தலைக்கு வருகிறேன். எங்கள் அணியில் ஒருவன், என் கூட்டாளி ஓப்பனர், ஒருமுறை காதுக்கு மேலே வாங்கினான். விழுந்து உடனே எழுந்தான். எல்லோரும் ஓடினோம். தலையில் ஒரு சொம்புத் தண்ணீர், கையில் எலுமிச்சைச் சாறு. கேப்டன் கேட்டார்: "ஆடுறியாடா?" அவன் சொன்னான்: "ஆடுறேன் கேப்டன்." கை தட்டினோம். மேலும் ஒரு மணி நேரம் ஆடி அரை சதம் அடித்தான். ஓவர் முடிந்து நடுவில் சந்தித்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டான், "மச்சி, நாம ஃபர்ஸ்ட் பேட்டிங்கா, செகண்ட் பேட்டிங்கா?" எனக்குச் சிரிப்பு வந்தது. பெவிலியனில் அதை ஜோக்காகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்றிரவு அவன் வீட்டில் வாந்தி எடுத்தான், ஒரு வாரம் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளை பிழைத்தான். அந்த அரை சதம் அடித்தது இன்றைக்கும் அவனுக்கு ஞாபகத்தில் இல்லை. தைரியம் என்று நாங்கள் கைதட்டியது மூளை கலங்கிய ஒருவனை இன்னொரு மணி நேரம் புதுப் பந்துக்கு எதிரே நிறுத்தியதற்கு.

பெரிய ஆட்டத்திலும் இதே கதைதான். 2019 லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித் 80ல் இருந்தபோது ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு விழுந்தார். சோதனையில் தேறி, திரும்ப வந்து 92ல் அவுட் ஆனார். மறுநாள் காலையில்தான் தலை சரியில்லை என்று தெரிந்தது. மூளை அதிர்ச்சிக்கு மாற்று ஆட்டக்காரர் என்ற விதி டெஸ்டில் அந்த மாதம்தான் வந்திருந்தது. மார்னஸ் லபுஷேன் முதல் மாற்றாக இறங்கினார். ஆர்ச்சரிடம் அவர் சந்தித்த இரண்டாவது பந்தே ஹெல்மெட் கம்பியில் பட்டது. கற்றுக்கொள்ள வேண்டியது ஸ்மித்திடமிருந்து. உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தும் அறிகுறி தெரிய ஒரு இரவு ஆனது. அப்படியிருக்க, 'ஆடுறியா' என்று அடிபட்டவனையே கேட்பது என்ன நியாயம்?

பயம் இல்லாமல் ஆடச் சொல்லிக்கொடுங்கள் என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். அது என்னால் ஆகாது. வேகப்பந்துக்கு எதிரே பயமில்லாதவனை நான் பார்த்ததில்லை. பயத்தோடு கண்ணைத் திறந்து வைத்திருப்பவனைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கு என்னால் கொண்டுவர முடியும். மற்றது உங்கள் பொறுப்பு. வளர்ந்தாலும் பொருந்தும் என்று ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் வாங்காதீர்கள், அது பந்து பட்டதும் திரும்பிக் கண்ணை மறைக்கும். பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், அடுத்த ஆட்டத்துக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். கழுத்துக் கவசத்தையும் சேர்த்து வாங்குங்கள். தலையில் பட்டால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது, அரை சதத்துக்கு ஒரு ரன் பாக்கியிருந்தாலும் சரி. "நான் ஆடுறேன்" என்றுதான் அவன் சொல்வான், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். இரவு அவனைத் தனியே தூங்கவிடாதீர்கள். வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடினாலோ, பேச்சுக் குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.